முழங்காலுக்கு மேலே பூத்த கொடி

எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரில் ஏறியிருக்கிற கொடிக்குப் பெயர் கிளமேட்டிஸ். முதல் முறை கேட்டபோது இருமல் மருந்தின் பெயர் என்றுதான் நினைத்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு. சேலம் டவுனை விட இங்கே ஒரு பிடி குளிர்ச்சி அதிகம். மார்கழியில் மலையிலிருந்து இறங்குகிற குளிர் வெயில் ஏறும்வரை வாசலை விட்டுப் போகாது. அந்தக் குளிர் இருப்பதால்தான் இந்தக் கொடி இங்கே பிழைத்துக் கிடக்கிறது. மற்றபடி இது நம் ஊருக்கு ஆகிற செடியே இல்லை.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர். ரிக் என்றால் போர் போடுகிற லாரி. அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது ரிக்கில் இருப்பார்கள், அதனால் பெண் பார்க்க வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் யோசித்திருக்க வேண்டும். இருபத்து நாலு வருஷமாக வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே மழை பிடித்து வேலை நிற்கிற ஆடி, ஆவணியில்தான் வீட்டுக்கு வருவார். ஒன்றரை மாதம் இருப்பார். மகன் பள்ளிப்படிப்பு முழுவதும் நாமக்கல்லில் ஹாஸ்டல், பிறகு கோயமுத்தூரில் ஹாஸ்டல், இப்போது புனேயில் வேலை. நானும் அவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தால் மூன்று வருஷம் தேறினால் அதிகம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆவணியில், வழக்கமான பையோடு இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். கேனின் தலையை அறுத்து, உள்ளே மண் போட்டு, மண்ணில் பென்சில் உயரத்துக்கு ஒரு குச்சி நின்றது. குச்சியில் நாலு இலை. ரயிலில் இரண்டு ராத்திரி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். குடிக்க வாங்கிய தண்ணீரில் அதற்கும் பங்கு கொடுத்தாராம். எனக்குக் கூட அப்படி ஒரு தடவை எதையும் மடியில் வைத்துக் கொண்டுவந்ததில்லை என்று மனசுக்குள் சுருக்கென்றது. வெளியே சொல்லவில்லை.

"இமாச்சல்ல ஒரு ஆப்பிள் காட்டுல போர் போட்டோம் புள்ள," என்றார். "அந்த ஊட்டு முன்னால படர்ந்திருந்துது. பூவு ஒவ்வொண்ணும் இந்தக் கைய விரிச்சாப்புல. நெம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். ஊட்டுக்காரம்மா வேர் புடிச்சதா ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க."

"இங்க வருமாங்க இது?"

"நீ வெச்சா வரும்."

அந்த வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன், ஒத்துக்கொள்கிறேன். சுவரோரமாகக் குழி தோண்டி இரண்டு பேரும் சேர்ந்து நட்டோம். மண்ணைக் கையால் அழுத்திக்கொண்டே அவர் சொன்னார்: "இது பூத்துதுன்னா பாரு, ரிக்கை உட்டுப்போட்டு ஊட்டோட வந்துடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே கிளம்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எனக்கு ஒரு குணம் உண்டு. கேட்டு வாங்குகிற எதுவும் எனக்குத் தொண்டையில் இறங்காது. எப்போது வருவீர்கள் என்று நானாகக் கேட்டால் அது நச்சரிப்பு ஆகிவிடும். கொடி பூத்து, அதைப் பார்த்து அவராக வந்தால்தான் அது வருவது. இந்தப் பிடிவாதத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள். அது பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கிறது.

ஆகவே பூக்க வைப்பது என்று இறங்கினேன். அந்தக் கொடிக்குத் தலையில் வெயில் வேண்டும், காலில் நிழல் வேண்டும். வெளிநாட்டு அம்மாள் ஒருத்தர் தன் தோட்டத்தைக் காட்டுகிற வீடியோக்களைப் போனில் பார்த்து இதைத் தெரிந்துகொண்டேன். பேசுவது புரியாது, கைவேலை புரிந்தது. வேரின் மேல் பட்டைக் கற்களைப் பரப்பினேன். கல்லுக்கு நடுவில் சிறுகீரை விதைத்து மண்ணை மூடினேன். பங்குனி பிறந்ததும் பச்சை வலை கட்டி மத்தியான வெயிலை மறைத்தேன். சித்திரை வெயிலில் வாளித் தண்ணீரே சுடும், அதனால் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஃபிரிட்ஜில் உறைய வைத்து, சாயங்காலம் அந்தக் கற்களின் மேல் படுக்க வைப்பேன். அது உருகி மெதுவாக மண்ணுக்குள் போகும். ஃபிரிட்ஜில் எனக்கென்று வைக்க அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை, இடம் இருந்தது.

பாகல், புடலை மாதிரி இதற்குப் பற்றிக்கொள்ளத் தனியாகச் சுருள் கிடையாது. இலைக் காம்புதான் வளைந்து எதையாவது பிடிக்கும். மூங்கில் நட்டுப் பார்த்தேன், அது தடிமன், பிடிக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அந்த வீட்டுப் பெண்ணிடம் கழிவு நூல் வாங்கி மூன்று இழையாக முறுக்கி, சுவரில் ஆணி அடித்து மேலிருந்து கீழே இழுத்துக் கட்டினேன். இரண்டே நாளில் காம்பு ஒவ்வொன்றும் நூலைச் சுற்றிக்கொண்டது. அவ்வளவு மெல்லிய காம்பு அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்ததைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

வெட்டுகிற விஷயத்தில் மட்டும் நான் எந்த வீடியோவையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நான் ஓமலூர்ப் பக்கம் மல்லிக்காட்டில் பிறந்தவள். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தால் எங்கள் காட்டில் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயப் போடுவார்கள். பிறகு முழங்கால் உயரத்துக்குக் கவாத்து. வெட்டி, இலையெல்லாம் உருவி, எருப் போட்டுத் தண்ணீர் விட்டால் மாசிக் கடைசியில் புதுக்குருத்தில் மொட்டுக் கொத்துக் கொத்தாக வரும். வெட்டாத மல்லி சோம்பேறியாகிக் காடாக வளரும், பூக்காது. பத்து வயதில் கவாத்துக் கத்தரியைப் பிடித்தவளுக்கு ஒரு பூங்கொடியை எப்படி வெட்டுவது என்று யாராவது சொல்லித் தர வேண்டுமா?

முதல் மார்கழியில் கொடி இடுப்பளவுதான் இருந்தது. முழங்காலுக்கு வெட்டினேன். தையில் துளிர்த்தது, பங்குனியில் தளதளவென்று ஏறியது, பூ இல்லை. சின்னச் செடிதானே என்று விட்டேன். இரண்டாம் வருஷம் ஆளுயரம் வந்தது. மார்கழியில் முழங்காலுக்கு வெட்டினேன். இலையாக வந்தது. மூன்றாம் வருஷம் சன்னல் மேல் சட்டத்தைத் தொட்டது. அப்போதும் வெட்டினேன், இன்னும் கவனமாக, சாய்வாக, கணுவுக்குக் கொஞ்சம் மேலே. நாலாம் வருஷம் எலும்புத் தூளும் வைத்தேன். பங்குனி கடைசியில் நுனியில் பட்டாணி அளவில் ஒன்றிரண்டு ஏதோ தெரிந்தது. சித்திரை வெயில் அதைக் கருக்கி உதிர்த்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, பூக்காத கொடிக்கு ஐஸ் வைக்கிறீங்களே. ஒரு பாவக்கொடி போட்டிருந்தா பொரியலுக்காச்சும் ஆயிருக்குமுங்க."

"உனக்கென்ன தெரியும், போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எதற்காக இப்படி மெனக்கெடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒரு கொடியை வைத்துப் புருஷனுக்குக் காத்திருக்கிறாள் என்று தறி ஓட்டுகிற வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆடியில் அவர் வரும்போதெல்லாம் கொடி பச்சைப்பசேல் என்று நிற்கும். பார்த்து, "இலை நல்லாருக்குது" என்பார். அவ்வளவுதான். வந்த முதல் மூன்று நாள் தூங்குவார். வீடு அமைதியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிற நேரம் பார்த்துத்தான் படுப்பார். கரண்ட் போய்த் தறி நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நாலாம் நாள் கெட்டுப்போகாத மோட்டாரைக் கழற்றுவார். அப்புறம் வாசலில் நாற்காலி போட்டு, மலை ஏறுகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த வண்டி எந்த கியரில் ஏறுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். நான் "அப்படிங்களா" என்பேன். அந்த ஒன்றரை மாதத்துக்கு என்னிடம் சொல்ல என்னென்னவோ சேர்த்து வைத்திருப்பேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்ததும் ஒன்றும் ஞாபகம் வராது. ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பேன்.

ஐந்தாம் வருஷம், அதாவது போன மார்கழி, கவாத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு. எழ முடியாமல் ஈரத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லாத வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று வாய் திறக்கவே இல்லை. பிறகு நானே இடது கையால் தாழ்ப்பாளைத் திறந்து, புடவையைச் சுற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்கள்.

அவரிடம் போனில் சொன்னேன். "வரட்டுமா?" என்றார். "வேண்டாங்க, சின்ன எலும்புதான்" என்றேன். "சரி, பார்த்துக்க" என்றார். போனை வைத்த பிறகு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வேண்டாம் என்றால் வராமலே இருந்துவிடுவதா? வேண்டாம் என்று சொன்னதும் நான்தான் என்பது அந்தக் கோபத்துக்கு உறைக்கவே இல்லை. அந்த ஆறு வாரமும் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் காலையில் தறிக்கு உட்காருமுன் வந்து பின்னிவிட்டுப் போவாள். அவள் விரல் தலையில் படுகிற அந்த ஐந்து நிமிஷத்துக்காக நான் விடியற்காலையிலிருந்தே சீப்பை எடுத்து வைத்துக் காத்திருப்பேன். எத்தனை நாளாக யாரும் என்னைத் தொடவில்லை என்று அப்போதுதான் கணக்கு வந்தது.

கொடியை வெட்டவில்லை. இடது கையால் கத்தரி பிடிக்க வரவில்லை. இன்னொருவர் கையில் அதைக் கொடுக்க மனசும் வரவில்லை. காய்ந்த இலையோடு, பழுப்புத் தண்டோடு சுவரெல்லாம் அலங்கோலமாகக் கிடந்தது. தண்ணீரும் பேருக்குத்தான் ஊற்றினேன். இந்த வருஷமும் போச்சு என்று மனசு விட்டுவிட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, எதிர்பார்க்க ஒன்றுமில்லாததால்.

தை பாதியில் கட்டைப் பிரித்தார்கள். சூம்பிப்போன கையை வெயிலில் காட்டலாம் என்று கிழக்குச் சுவரோரம் போய் நின்றேன். பழுப்புத் தண்டில் கணுவுக்குக் கணு புடைத்திருந்தது. அதிலிருந்து சின்னக் கிளை கிளம்பி, கிளை நுனியில் பச்சையாக, கூம்பாக ஒவ்வொன்று நின்றது. இலை மொட்டு அப்படி இருக்காது. மல்லிக்காட்டுக்காரிக்குப் பூ மொட்டு தெரியாதா? எண்ணினேன். பதினொன்று இருந்தன. மறுபடி எண்ணினேன். பதினொன்றும் போன வருஷத்துப் பழைய தண்டிலிருந்து வந்திருந்தன. பதினொன்றும் என் முழங்காலுக்கு மேலே இருந்தன.

அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கொடி பழைய தண்டில் மொட்டு வைத்துக்கொண்டு குளிர் முடியட்டும் என்று காத்திருக்கிற ஜாதி. நாலு மார்கழியும் அந்த மொட்டு உறங்குகிற இடத்தைப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறேன், அதுவும் சாய்வாக, அழகாக. பூத்தால் வருகிறேன் என்றவரை நாலு வருஷம் வரவிடாமல் செய்தது நான்தான் என்று தோன்றியது. அந்த நினைப்பில் அழுகை வந்தது. கூடவே, அப்படியானால் இனி அவர் வந்துவிடுவார் என்ற சந்தோஷமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மாசியில் முதல் பூ விரிந்தது. காலையில் கதவைத் திறந்து பார்த்தால் சுவரில் ஒரு நீலம். ஊதா கலந்த நீலம், நடுவில் வெளிர் மஞ்சள் இழைகள், எட்டு இதழ். அவர் சொன்னது பொய்யில்லை. என் கையை விரித்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பூதான் பெரிதாக இருந்தது. முகம் கழுவி, பல் துலக்கி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்தேன். போட்டோவில் நான் வரப்போவதில்லை, இருந்தாலும் புடவை மாற்றினேன். ஒன்றும் எழுதாமல் பூவை மட்டும் அவருக்கு அனுப்பினேன். எழுதினால் கேட்டதாகிவிடும்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ரோஜாப்பூ படம். பனித்துளி வைத்த சிவப்பு ரோஜா. அதன் மேல் வளைவாக 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு கூப்பிய கை.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தினமும் காலையில் யார் யாரோ யார் யாருக்கோ அனுப்புகிற பூப்படங்களில் ஒன்று என்று நினைத்துவிட்டார். ஐந்து வருஷம் பட்ட பாட்டை அனுப்பினால் பதிலுக்கு மனுஷன் ஒரு ரோஜாவைத் தள்ளிவிட்டிருக்கிறார். சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்திலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டு வாங்குவதில்லை என்ற என் கொள்கையைத் தூக்கி அடுப்பில் போட்டேன். போன் அடித்தேன்.

எடுத்ததும் கம்ப்ரசர் சத்தம். "பாயிண்ட்ல இருக்கறேன், சொல்லு புள்ள." போர் போடுகிற இடத்தை அவர்கள் பாயிண்ட் என்பார்கள்.

"காலையில ஒரு பூ அனுப்புனேனே, பார்த்தீங்களா?"

"பார்த்தனே. நல்லாருந்துது. பதிலுக்கு நானும் போட்டனே."

"அது நம்மூட்டுப் பூவுங்க."

சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வண்டியை விட்டுத் தள்ளி நடந்து போகிறார் என்று தெரிந்தது. "அந்த ஆப்பிள் காட்டுக் கொடியா?" என்றார். குரல் மாறியிருந்தது. "நெசமாவா? நம்ம செவுத்துலயா?"

"ஆமாங்க. இன்னும் பத்து மொட்டு இருக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "நட்டப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்க."

"சொன்னேன்."

ஞாபகம் இருந்திருக்கிறது. அவர் என்ன சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று இந்த ஐந்து வருஷத்தில் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். ஓனர் விடமாட்டார் என்றால் இன்னது சொல்ல வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால் இன்னது, விளையாட்டுக்குச் சொன்னேன் என்றால் சண்டையே போட வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது.

அவர் சொன்னது வேறு. "வந்துடலாம்னுதான் நானும் நெனைக்கறேன் புள்ள. ஒவ்வொரு தடவை வாரப்பவும் நெனைக்கறேன். ஆனா வந்து நான் அங்க என்ன பண்றது?"

வம்புக்குக் கேட்கவில்லை. வழி தெரியாதவர் வழி கேட்கிற மாதிரிக் கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவரை இந்த வீட்டில் ஒரு நாள் மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். காலையில் எழுந்தார், டீ குடித்தார், பேப்பர் படித்தார். குளித்துச் சாப்பிட்டார். மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து மணி ஆகிறது. அதற்கு மேல் அவரை எங்கே உட்கார வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. ஐந்து வருஷம் அவரை வரவழைக்கப் பாடுபட்டேனே தவிர, வந்த பிறகு அவரோடு ஒரு காலைப்பொழுதை எப்படிக் கழிப்பது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பத்து மணிக்கு மேல் நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கும் தெரியாது.

"அங்க பத்து மணிக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன். இருபத்து நாலு வருஷத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

சொன்னார். பத்து மணிக்குள் முதல் பாறை தட்டிவிடுமாம். வெளியே வருகிற தூளைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்ப்பாராம், கறுப்பா வெளுப்பா என்று. ஈரம் தெரிந்தால் யாரிடமும் சொல்லாமல் துளைக்கிற ராடு இன்னும் இரண்டை இறக்கிப் பார்ப்பாராம், சந்தோஷப்பட்டுவிட்டு ஏமாறக் கூடாது என்று. அவர் கேட்டார், நானும் சொன்னேன். கல்லுக்கு நடுவில் கீரை விதைத்ததை, பாட்டிலில் ஐஸ் வைத்ததை, நாலு வருஷம் மொட்டை வெட்டியதை. அதைக் கேட்டு அவர் சத்தமாகச் சிரித்தார். குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. நான் சுவரோரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தேன், வெயில் காலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தறி ஓடத் தொடங்கி, நின்று, மறுபடி ஓடியது. யாரோ அந்தப் பக்கம் அவரைக் கூப்பிட்டார்கள், "இரப்பா" என்றார்.

நாற்பது நிமிஷம் பேசினோம். கல்யாணமான நாளிலிருந்து ஒரே மூச்சில் நாங்கள் பேசியதில் அதுதான் அதிகம். வருவதைப் பற்றி இரண்டு பேரும் அதில் ஒரு வார்த்தை பேசவில்லை.